கடைசியாகக் கூப்பிடும் பெயர்

என் வாழ்க்கையில் எல்லாச் சாவுச் செய்தியும் காதில்தான் விழுந்திருக்கிறது. ஜமீலா அம்மா இறந்த செய்தியை மட்டும் நானே படித்தேன். திங்கட்கிழமை காலை, கல்லூரி வாசலில் இருக்கும் கரும்பலகையில் எழுதியிருந்தார்கள். படிக்கக் கற்றதிலிருந்து எங்கே எழுத்தைக் கண்டாலும் நின்றுவிடுவேன். அன்றும் பால் கேனை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். முதல் வரியில் அம்மாவின் பெயர் இருந்தது. எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருந்தது. சிரித்தும் இருப்பேன். பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன். சனிக்கிழமை மாரடைப்பில் காலமானார் என்று இருந்தது. தப்பாகப் படித்திருப்பேன் என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

நான் பச்சியப்பன். தருமபுரியில் ஒரு கல்லூரிக் கேண்டீனில் டீ போடுகிறவன். அம்மா அங்கே பேராசிரியராக இருந்தார்கள். என்னைவிடப் பதினைந்து வயதாவது சிறியவர்கள். அவர்கள் நினைவாகப் பிள்ளைகள் ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். "நீங்க சொல்லுங்க தாத்தா, நான் எழுதிக்கறேன்" என்றான் மூன்றாம் வருஷம் படிக்கும் மாதேஷ். வேண்டாம் என்றேன். ஒன்பது நாளாக நானே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கடைசி வகுப்பைக் கேண்டீனுக்குப் பின்னால் உள்ள புங்க மரத்தடியில் அம்மா நடத்துவார்கள். அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது, மார்க்கும் கிடையாது. நான் யார், வீட்டிலிருந்து என்ன கொண்டுவந்தேன், இங்கே வந்து என்ன கற்றேன் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதிவந்து படிக்க வேண்டும். படித்து முடித்ததும் உட்காரக் கூடாது. அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் உட்காரலாம்.

மாதேஷ் சேர்ந்த வருஷம், முதல் வியாழக்கிழமை. ஒருவன் சேலம் பக்கம் என்று படித்தான். ஒருத்தி ஓசூர் பக்கம் என்றாள். இன்னொருவன் பெங்களூர் ரோடு என்றான். அம்மா நோட்டை மூடி வைத்தார்கள்.

"என்னங்க இது, எல்லாரும் பக்கத்துலயே இருக்கறீங்க. ஊருக்குள்ள ஒருத்தரும் இல்லீங்களா?"

டீத் தட்டோடு நின்ற நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நான் இருக்கறனுங்க. அதியமான்கோட்டை."

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என் பெயரைக் கேட்டு, வருகைப் பதிவேட்டில் கடைசியாக எழுதிக்கொண்டார்கள். "நீங்களும் ஒரு பக்கம் எழுதியாங்கண்ணா" என்றார்கள்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்களே."

"அப்ப உங்க முறை வரக் கொஞ்சம் நாளாகும். பரவால்லைங்க."

அன்றிலிருந்து வாரா வாரம் எல்லாப் பெயரும் முடிந்த பிறகு "பச்சியப்பன்" என்று கூப்பிடுவார்கள். "இன்னிக்கி இல்லீங்க" என்பேன். "அப்ப அடுத்த வாரம் இருக்குது" என்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் டம்ளர் கழுவப் போவேன்.

அம்மாவும் தன் பக்கத்தை எழுதிவந்து படித்தார்கள். கடைத்தெருவில் மெத்தை தைத்து விற்ற குடும்பம் அவர்களுடையது. "வூட்டுக்குள்ள உருது, வாசல்ல தமிழ். செருப்பு மாட்டற மாதிரி மாட்டிக்கிட்டுத்தான் வெளிய வருவேன். காலேஜ் படிக்கறப்போ, வூட்லயும் தமிழ்தான் பேசுவோம்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்" என்று படித்தார்கள்.

அடுத்து எழுந்தவன் மாதேஷ். கையில் இருந்த தாளைப் பார்க்காமலே பேசினான். "எங்க வூட்ல கன்னடம் மேடம். காலேஜ்ல சேர வந்தப்போ எங்கம்மாவ வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்."

அம்மா கேள்வி கேட்டார்கள். "தொறந்திருந்தா என்ன பேசியிருப்பாங்க?"

கையில் இருந்த தாளை மடித்தான். "சாப்ட்டியான்னு கேட்டிருப்பாங்க மேடம்."

அதன் பிறகு பிள்ளைகள் எழுதிவந்த பக்கங்கள் வேறாக இருந்தன. செல்வி என்ற பெண், படித்தால் ஊரை விட்டுப் போய்விடலாம் என்று அப்பா சொன்னதால் படிக்கிறேன் என்று எழுதியிருந்தாள். "போயி?" என்று கேட்டார்கள் அம்மா. "அதுக்கு மேல எங்கப்பா ஒண்ணும் சொல்லலீங்க மேடம்" என்றாள். அம்மா அன்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

எனக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று ஆசை வந்தது. மாதேஷைக் கேட்டேன். எழுதி, அவனே எனக்காக எழுந்து படித்தான். கல்வி ஒளி, அறியாமை இருள் என்று பிரமாதமாக இருந்தது. அம்மா என்னைப் பார்த்தார்கள். "இதுல நீங்க எங்கண்ணா இருக்கறீங்க?"

"தெரியலீங்க. ஆனா நல்லா இருக்குது."

மரத்தடியே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளே மாதேஷிடம் 'அ' எழுதக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். டீ கேட்டு வருகிறவர்கள் காத்திருந்தார்கள். "தாத்தா, எழுத்த ஆத்தாதீங்க, எழுதுங்க" என்று பையன்கள் கேலி செய்வார்கள். கை வர ஒன்றரை வருஷம் ஆனது.

இப்போது எழுதப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா இறப்பதற்கு மூன்று வாரம் முன்பே என் பக்கம் முடிந்துவிட்டது. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வியாழக்கிழமை என் பெயரைக் கூப்பிட்டார்கள். "இன்னிக்கி இல்லீங்க" என்றேன். அடுத்த வாரமும் அப்படியே சொன்னேன். படித்துவிட்டால் என் முறை முடிந்துவிடும். அப்புறம் என்னை எதற்குக் கூப்பிடுவார்கள்? 'அடுத்த வாரம் இருக்குது' என்று யார் சொல்வார்கள்? மூன்றாவது வாரம் அம்மா என் சட்டைப் பையையே பார்த்தார்கள்.

"பை கனமா இருக்குதுங்களே அண்ணா."

"பீடிக்கட்டுங்க."

"அப்படீங்களா. அப்ப அடுத்த வாரம் இருக்குது."

அம்மா பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

பலகையைப் படித்த அன்று மாலை மாதேஷோடு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அடக்கம் முடிந்திருந்தது. அம்மாவின் தம்பி வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீ போடறவரு நீங்கதானுங்களா? வியாழக்கெழமை மட்டும் அக்கா வூட்ல டீ வேணாம்பாங்க. காலேஜ்ல எங்கண்ணன் போட்டுக் குடுத்துட்டாருன்னு சொல்லுவாங்க" என்றார்.

அந்த வாரம் வியாழக்கிழமை யாரும் சொல்லாமலே பிள்ளைகள் மரத்தடிக்கு வந்தார்கள். மாதேஷ் பதிவேட்டை விரித்துப் பெயர்களைக் கூப்பிட்டான். கடைசியாக "பச்சியப்பன்" என்றான்.

டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன். மடிப்பில் எழுத்து கொஞ்சம் அழிந்திருந்தது. மெதுவாகப் படித்தேன்.

"என் பெயர் பச்சியப்பன். ஊர் அதியமான்கோட்டை. பக்கம் இல்லை, ஊரேதான். வீட்டிலிருந்து நான் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று நினைத்திருந்தேன். பெயரைக் கொண்டுவந்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் அதை மரியாதையாக ஒருவர் கூப்பிடுகிறார். அதற்காகவே கற்றுக்கொண்டேன்."

அவ்வளவுதான் என் பக்கம். படித்து முடித்தேன். வழக்கப்படி நான் உட்காரவில்லை. புங்கம்பூ ஒன்றிரண்டு தாளில் விழுந்தது. டீ ஆறிப்போனது.

போய் வாருங்கள் அம்மா. என் பக்கத்தைப் படித்துவிட்டேன். நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். நின்றுகொண்டிருக்கிறேன்.