ஊறிப்போன பூப்பொட்டலம்

போன தை மாதத்தில் எங்கள் தாளுக்கு என்ன கேடு வந்ததோ, தண்ணீர் பட்ட அப்பளம் போல ஊறிப் போகத் தொடங்கியது. கண்டிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் கழிவுத் தாளையும் வாழை நாரையும் அரைத்து, கையாலே தாள் செய்கிறவர்கள் நானும் என் கணவரும். புத்தரின் புனிதப் பல் இருக்கும் மாளிகைக் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா, பொலித்தீனுக்குப் பதிலாக எங்கள் தாளில்தான் ஈரத் தாமரையைச் சுற்றிக் கொடுப்பார். அந்த ஒருவரை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

தாள் ஊறாமல் இருக்கத்தான் கூழில் ரோசின், அதாவது பைன் பிசினைக் காய்ச்சிய கரைசலை ஊற்றி, பிறகு படிகாரம் போடுவது. படிகாரத்தின் புளிப்பு பிசினை நாரோடு ஒட்ட வைக்கும், தண்ணீர் ஏறாது. இத்தனை காலமும் ஏறவில்லை. இப்போதோ ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்த கையோடு உறிஞ்சுகிறது! பூக்கார அம்மா தாள்கட்டைத் திருப்பி எறிந்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி என்றால் பொலித்தீனுக்கே போய்விடுவேன் என்று சிங்களத்தில் கத்தினார்.

என் கணவர் என்ன செய்தார்? இன்னும் படிகாரம் கொட்டினார்.

"கொஞ்சம் கூடப் போட்டா சரியாப் போயிரும்."

எங்கே சரியாகப் போனது? கடைசியில் கொழும்பில் ஒரு கடை வேலைக்குப் பேசி, சட்டைகளைப் பையில் அடுக்கிவிட்டார். என்னையும் பிள்ளையையும் பார்க்க மாதம் ஒருதடவை வருவாராம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த எரிச்சலோடு கூழ்த் தொட்டியைக் கழுவப் போனேன். உள்சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு!

"ஏங்க, இதுக்குள்ளயுமா வெள்ளை அடிச்சீங்க?"

"பொங்கலுக்கு வீடு, கொட்டில் எல்லாம் அடிச்சேன். நமக்குச் சோறு போடுற தொட்டிய மட்டும் அழுக்கா விடலாமா?"

"அட கடவுளே! சுண்ணாம்பு படிகாரத்துப் புளிப்பத் தின்னுருமே! நீங்க கொட்டக் கொட்ட அது தின்னுக்கிட்டே இருந்திருக்கு!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாகச் சுண்ணாம்பைச் சுரண்டித் தேய்த்துக் கழுவி, புதுக் கூழ் போட்டோம். தாள் நன்றாகக் காய்ந்த பிறகு அவரே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். முத்தாகத் திரண்டு அப்படியே நின்றது.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் போக வேணாந்தானே?"

"போங்க! போய்த் தொலைங்க, எனக்காவது நிம்மதி!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் உள்ளே போய், பையிலிருந்த சட்டைகளை எடுத்து அலுமாரியில் வைத்தார்.