வாரத்துக்கு இரண்டு கலியாணம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேனையை எடுப்பேன். பிறகு கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றியோ, பஸ்ஸில் கண்ட சண்டையைப் பற்றியோ எழுதி அனுப்பிவிடுவேன். வாராவாரம் வாசிக்கிற உங்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும் — நான் ஒளித்துக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஒளிக்க இடமில்லாமல் போய்விட்டது.

மனோர் பார்க்கில் எங்கள் முருகன் கோயில். பூசை முடிந்து வந்து, வாசலில் கழற்றி விட்ட சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு இளம் பிள்ளை, இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்தாள்.

"அன்ரி, நீங்கள்தானே அந்தப் பனிக்குள்ள 'முருகா முருகா' எண்டு கத்திக்கொண்டு ஓடினது? அம்மா சொன்னவா. முன்னால ஒரு பெடியன் சைக்கிளில போய் வழி காட்டினவனாம். கடை வாசலில பார்த்தா ஆளையே காணேல்லையாம். உண்மையோ அன்ரி?"

பெடியனா? சைக்கிளா? நான் வாயைத் திறக்க முதல் அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டாள். என்னை இல்லை... அந்தப் பெடியனை.

வீட்டுக்கு வந்து இவரிடம் — என் வீட்டுக்காரரிடம் — சொன்னேன். சிரித்தார்.

"இந்த வருஷம் சைக்கிள். அடுத்த வருஷம் மயில் வரும். அதுக்கு முதல் நீரே எழுதிப்போடும்."

எழுதுகிறேன்.

எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்தது.

சரோ என்று எனக்கு ஒரு சிநேகிதி. மலேசியாவில் பிறந்தவள். படிக்க லண்டன் வந்து, இங்கேயே ஒரு பெரிய ஆபீஸில் வேலை எடுத்துக்கொண்டவள். ஒருநாள் கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"அக்கா, வர்ற சம்மர்ல ஒரு ட்ரையத்லான் இருக்கு. புள்ளைங்க ஆஸ்பத்திரிக்காகச் செய்யிறாங்க. நீங்களும் வாங்க லா!"

என் படிப்பு ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் 'ட்ரை' என்றால் என்ன என்று தெரியாதா? முயற்சி. ஏதோ முயற்சி செய்து பார்க்கிற நிகழ்ச்சி, ஏலாவிட்டால் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

"ஓம், ட்ரை பண்ணிப் பார்ப்பம்" என்றேன், வாயில் பாயாசத்தோடு.

பிறகுதான் விளக்கம் வந்தது. ஏரியில் நீந்த வேண்டும். ஈரத்தோடு ஏறிச் சைக்கிள் ஓட வேண்டும். இறங்கி ஓட வேண்டும்.

"மூண்டுமோ?"

"ட்ரைன்னா மூணுதானே அக்கா!"

கோயிலுக்குள் வைத்துக் கொடுத்த வாக்கு. மீறலாமா? இரவெல்லாம் குழம்பி, காலையில் இவரைக் கேட்டேன்.

"முருகன்ர சந்நிதியில சொன்னதோ, சாப்பாட்டு மண்டபத்தில சொன்னதோ?" என்று கேட்டார்.

"மண்டபத்தில."

"அப்ப வாக்கு அரைவாசிதான் செல்லும். நீர் ஒண்டரையத்லான் செய்தால் காணும்."

இப்படிப்பட்ட மனிசனோடு குடும்பம் நடத்துகிறவளின் குழப்பம் உங்களுக்கு விளங்கும்.

சைக்கிள் எனக்குப் பிரச்சினை இல்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனவளுக்குச் சைக்கிள் சொல்லித் தர வேண்டுமா? ஆனால் அந்தக் குளிர்! அந்த வருஷம் வந்த குளிரை லண்டனில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கையுறைக்கு மேல் இவருடைய காலுறையைப் போட்டுக்கொண்டு பார்க்கைச் சுற்றுவேன். பிரேக் பிடித்தேனா, பிடிக்கவில்லையா என்று கையே சொல்லாது. ஓட்டமோ... பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குப் பிறகு நான் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. சரோ பக்கத்தில் வந்து சொல்லிக்கொண்டே இருப்பாள்: "மூக்கால இழுங்க, வாயால விடுங்க. மூக்கால இழுங்க, வாயால விடுங்க."

நீச்சல் பழக, இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சத் தூரத்தில் ஒரு ஸ்விம்மிங் பூல். வாரத்தில் இரண்டு நாள் விடியப்புறம் பெண்களுக்கு மட்டும். முதல் நாளே லைஃப்கார்டாக நின்ற பெண் என் கழுத்தைக் காட்டித் தலையாட்டினாள். கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாதாம்.

கழுத்தில் இருந்தது தாலிக்கொடி.

எங்கள் ஆட்களின் கொடி எவ்வளவு பாரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கலியாண நாளில் கட்டியது. பிள்ளை பெறப் போனபோது ஆஸ்பத்திரியில்கூட நான் கழற்றவில்லை. இதற்காகவா கழற்றுவது?

குருக்கள் ஐயாவைக் கேட்டேன். கனநேரம் யோசித்தார். "அம்மா, சாத்திரத்தில ஸ்விம்மிங் பூலைப் பற்றி ஒண்டும் காணேல்லை" என்றார். பிறகு, "மனசுக்குச் சரியெண்டு படுறதைச் செய்யுங்கோ" என்றார்.

மனசுதானே குழம்பிக் கிடக்கிறது! அதைக் கேட்கச் சொன்னால்?

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் இவர்தான்.

"இஞ்சை கொண்டாரும். மேசை லாச்சியில வைச்சால்தானே கழட்டினது. என்ர கழுத்தில போட்டால் அது கழட்டினதில்லை. மாத்திப் போட்டது."

மனோர் பார்க்கில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. பேப்பர், பால், சொக்லேட், சோடா விற்கிற கடை. இவர் விடியவே போய்த் திறப்பார். பூல் நாளில் என் கொடியைத் தன் கழுத்தில் போட்டு, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் மஃப்ளர், அதன்மேல் ஜாக்கெட். நான் நீந்திவிட்டு பஸ் ஏறிக் கடைக்குப் போவேன். பின்னறையில், பால் கிரேட்டுகளுக்கு நடுவில் நின்று, கொடியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிடுவார்.

"எத்தினை பேருக்குக் கிடைக்கும்? எனக்கு வாரத்துக்கு ரெண்டு கலியாணம்!"

சிரித்துக்கொண்டு போனோம்... அந்தப் பனி கொட்டிய நாள் வரைக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். இவருக்குச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். மற்ற நாளில் நான் முன்னால் நின்று சாப்பிட வைப்பேன். பூல் நாளில் எனக்கு வெளிக்கிடுகிற அவசரம். புட்டைக் கட்டிக் கொடுத்தால் கடையில் ஊசியைப் போட்டுச் சாப்பிடுவார்.

அன்று முழங்கால் மட்டும் பனி. இவர் எனக்கு முதலே, இருட்டோடு கடைக்கு நடந்து போய்விட்டார். நானும் நடந்தே பூலுக்குப் போனேன். கதவு பூட்டு. சரோவையும் காணவில்லை. யார்தான் வருவார்கள், என்னைப்போல் விசர் பிடித்த ஆளைத் தவிர? சரி, இவருக்குச் சொல்லுவோம் என்று மொபைலில் கூப்பிட்டேன்.

"இஞ்சேருங்கோ, பூல் பூட்டிக் கிடக்கு."



"ஆர் கதைக்கிறியள்?"

"நான்தான்!"

"நீங்கள் எங்கயிருந்து கதைக்கிறியள்? உங்களுக்கு என்ன வேணும்?"

நீங்கள்!

பெண் பார்க்க வந்த நாளில்கூட இந்த மனிசன் என்னை 'நீர்' என்றுதான் சொன்னவர். கோபம் வந்தாலும் நீர், கொஞ்சினாலும் நீர். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட 'நீங்கள்' என்று சொன்னதில்லை.  

"பகிடி விடாதேங்கோ. சாப்பிட்டனீங்களோ?"

"பேப்பர் இன்னும் வரேல்லை. பிறகு வாங்கோ" என்றார், வலு மரியாதையாக. பிறகு போன் எங்கேயோ விழுந்த சத்தம்.

சீனி இறங்கிவிட்டது. அது விளங்கிவிட்டது. அம்புலன்சுக்கு அடித்தேன். வருகிறோம், ஆனால் ரோட்டெல்லாம் இப்படி இருக்கிறது, எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேருக்கு அடித்தேன். இரண்டு பேரும் கடை திறக்கவில்லை, வீட்டில். பஸ் ஒன்றும் இல்லை. காரும் குப்பைவாளியும் ஒரே மாதிரி வெள்ளையாகக் கிடந்தன.

இல்ஃபோர்டிலிருந்து மனோர் பார்க். பஸ்ஸில் போனால் ஒரு கதை கதைத்து முடிக்க முதல் வந்துவிடும். அன்றைக்கு அது முடிகிற ரோட்டாகத் தெரியவில்லை.

ஓடினேன்.

முதலில் நடைபாதையில். பிறகு கார் சில்லுப் போன தடத்தில். ஒரு தரம் விழுந்து முழங்கால் கிழிந்தது. எழும்பிக் கனதூரம் போன பிறகுதான் அதைக் கண்டேன். நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. 'நில்' என்று உடம்பு சொன்னது. நிற்கவில்லை.

கடை ஷட்டர் பாதி தூக்கிக் கிடந்தது. வாசலில் பனி தள்ளுகிற ஷவல். ஊசியைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல், பனியைத் தள்ளி உடம்பை முறித்திருக்கிறார் மனிசன். குனிந்து உள்ளே போனேன். கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு கிரேட்டில் இருந்தார். அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்வை. சுற்றிவர சொக்லேட், டொஃபி, பிஸ்கட், சோடா... உலகத்துச் சீனியெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறது. நடுவில் இவர், சீனி இல்லாமல்.

என்னைப் பார்த்து, "வாங்கோ, என்ன வேணும்?" என்றார்.

ஒரு ஒரேஞ் சோடாவை உடைத்து வாயில் வைத்தேன். கையால் தள்ளினார்.

"காசைக் குடுத்திட்டுக் குடியுங்கோ."

"குடுக்கிறன், குடுக்கிறன். நீங்கள் முதல் குடியுங்கோ!"

மிடறு மிடறாகக் குடிக்க வைத்தேன். பாதி ஜாக்கெட்டில் ஊற்றுண்டது. அந்தக் கொஞ்ச நேரம்தான் என் வாழ்க்கையில் நீண்ட நேரம். பிறகு மெல்ல என் முகத்தைப் பார்த்தார். தலையில் கிடந்த பனியைப் பார்த்தார்.

"நீர் ஏன் இப்பிடி மூச்சு வாங்கிறீர்?"

நீர்.

நிலத்தில் இருந்து அழுதேன். 'நீர்' என்ற சொல்லுக்காக ஒரு பெண் இப்படி அழுதிருப்பாளா?

அவருடைய கை மஃப்ளரைத் தேடியது. பிறகு ஸ்வெட்டரை. கொடியை வெளியில் எடுத்து, என் கழுத்தில் போட்டார். அந்த நேரம்தான் அம்புலன்ஸ்காரர் ஷட்டருக்குக் கீழால் குனிந்து வந்தார்கள். எங்கள் கலியாணத்தைப் பார்த்து அப்படியே நின்றார்கள். பரிசோதித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார்கள். எப்படி வந்தாய் என்று என்னைக் கேட்டார்கள்.

"ரன்னிங்" என்றேன். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

கதை இவ்வளவுதான். குழப்பம் இதற்குப் பிறகுதான் வந்தது.

கோயிலில் மலர் அக்கா என் காதுபடவே சொன்னா: "தாலியைக் கழட்டினால் பின்ன என்ன நடக்கும்?" அடுத்த வரிசையில் இருந்த இன்னொருவர் சொன்னார்: "தாலி மனிசன்ர கழுத்தில கிடந்தபடியால்தான் உயிர் தப்பினது." ஒரே தாலி. ஒரே கழுத்து. நான் எதை நம்புவது?

நானும் யோசித்துப் பார்த்தேன். நீந்தப் போகாமல் விட்டிருந்தால் வீட்டில் நின்று அவரைச் சாப்பிட வைத்திருப்பேன், ஒன்றும் நடந்திராது. ஆனால் ஓடிப் பழகாமல் விட்டிருந்தால், வேறொரு நாள் இப்படி நடக்கிறபோது ஓட ஏலாமல் நின்றிருப்பேன். ஆனால் அன்றைக்கு ஓட வேண்டி வந்ததே நீந்தப் போனதால்... பார்க்கைச் சுற்றுகிற மாதிரித்தான். தொடங்கின இடத்துக்கே வந்துவிடும்.

இன்னொன்று. இதைத்தான் இத்தனை வருஷம் ஒளித்தேன்.

பஸ் தவறினாலும் முருகா, கரண்டி விழுந்தாலும் முருகா என்கிறவள் நான். அந்த ரோட்டு முழுக்க, ஒரு தரம்கூட முருகா என்று நான் சொல்லவில்லை. என் வாயில் வந்தது சரோ சொன்னதுதான். மூக்கால இழு, வாயால விடு. மூக்கால இழு, வாயால விடு. வேறொன்றும் இல்லை. நினைக்கவும் இல்லை.

இவரிடம் மட்டும் சொன்னேன். "முருகா எண்டு கத்தியிருந்தால் மூச்சு முட்டியிருக்கும்" என்றார். அது பதிலா? ஒவ்வொரு வெள்ளியும் சந்நிதியில் நின்று கேட்கிறேன். முருகனும் ஒரே சிரிப்புத்தான் சிரிக்கிறார்.

சம்மர் வந்தது. ஒன்றரை இல்லை, மூன்றையும் செய்தேன். எனக்குப் பின்னாலும் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவருக்குச் சைக்கிள் பஞ்சர். முடிவுக் கோட்டில் இவர் நின்றார். கொடியை ஷேர்ட்டுக்கு மேலால், எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டு! பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா, அது போன வருஷத்து மெடலா என்று கேட்டாவாம்.

"நோ, வெடிங் மெடல்" என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே, வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை யாருக்கும் சொல்லுங்கள். கோயிலில் சொல்லுங்கள், டெலிபோனில் ஊருக்கும் சொல்லுங்கள். ஆனால் இருந்தபடியே சொல்லுங்கள். தாலியைக் கழற்றினேன், அதை விட்டுவிடாதீர்கள். முருகா என்று கூப்பிடவில்லை, அதையும் மறைக்காதீர்கள். கூப்பிட்டதால் வந்தார் என்று நீங்கள் கதையை மாற்றினால், கூப்பிடாமலே வந்திருக்கக்கூடிய ஒருவரைக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

மற்றது, சைக்கிளில் ஒரு பெடியனும் வரவில்லை. வந்திருந்தால் நான் பின்னால் ஏறியிருக்க மாட்டேனா?