சத்தம் போடாத சைக்கிள்

என் கணவருக்கு நாற்பத்தொன்பது வயது நடந்தபோது கியர் சைக்கிள் ஒன்று வாங்கவேண்டும் என்ற ஆசை வந்தது. அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது நான்தான். மகள் படிப்புக்காகத் திருச்சிக்குப் போய்விட்டாள். வடவள்ளி வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஞாயிறு காலைகளில் கேமராவை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் போவார். வாய்க்கால் ஓரத்துக் கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பறந்துவிடும். வீட்டுக்கு வந்து மத்தியானம் வரைக்கும் அந்தப் பறவையைப் பற்றியே புலம்புவார். சைக்கிளில் போனால் சத்தமே இருக்காதே, சர்க்கரை வேறு எட்டிப் பார்க்கிறதே என்று ஒரு நாள் நான் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை அவருக்கு. அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். சுவரோரம் நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, டேப்பின் மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்லித் தன் கால் உயரத்தை அளந்தார். மூன்று வாரம் இதே பேச்சு. பின்பக்கமும் ஸ்பிரிங் உள்ள சைக்கிள் நமக்கு வேண்டாம், கனம் அதிகம், நாம் என்ன மலையிலிருந்தா குதிக்கப்போகிறோம் என்பார். முன்பக்கம் ஸ்பிரிங் இருந்தால் போதும், அதையும் தார்ரோட்டில் ஆடாதபடி பூட்டிவைக்க வசதி வேண்டும். டயர் அகலமாக இருக்கவேண்டும். கேமராவைக் கேரியரில் கட்டினால் குலுங்கி லென்ஸ் கெட்டுவிடும், அதனால் முதுகுப் பைதான். பறவையைக் கண்டால் சட்டென்று நிற்கவேண்டும், அப்போது இரண்டு பாதமும் தரையில் படவேண்டும். இப்படி ஒவ்வொன்றாக முடிவு செய்தார். நான் ம் கொட்டிக்கொண்டே காய் நறுக்குவேன். வெகுகாலம் கழித்து அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்தார்.

கோட்டைமேட்டுக்காரர் ஒருவர் உக்கடம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெரிய கடைகளில் இருப்பவர்கள் விலையைச் சொல்லிவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர் உட்காரவைத்து, எங்கே ஓட்டப்போகிறீர்கள், எதற்கு என்று கேட்டார். என் கணவர் ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, அதன் கிர்ர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பெடலை மிதிக்காமல் விட்டால் சத்தம் வராத சக்கரம் கிடைக்குமா என்றார். பாய் சிரித்துவிட்டார். முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்றார்.

கடைக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த ஒரு குடோனின் மைதானம். ஓட்டிப் பார்ப்பதற்கு அங்கே போனோம். முதல் சுற்றிலேயே இடதுபக்க கேட் தூணில் ஹேண்டில்பார் உரசியது. வண்டி புதுசு, பழக்கமில்லை என்றார். இரண்டாவது சுற்றில், இடப்பக்கம் நிறுத்தியிருந்த தள்ளுவண்டியின் சக்கரத்தில் பெடலை இடித்தார். பாய் கொஞ்சம் சின்ன அளவு சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அவரே நடந்துபோய் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டார். என் கணவர் அவரை இடப்பக்கம் விட்டு ஓட்டி வந்தபோது, பாய் தன் கையை நீட்டிப் பிடித்தார். நெருங்கி வந்தும் சைக்கிள் ஒதுங்கவில்லை. ஹேண்டில்பார் கையைத் தொடும் நேரத்தில் பாய் கையை இழுத்துக்கொண்டார். என் கணவருக்கு அது எதுவுமே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனார்.

பாய் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. அவருக்கு எடப்பக்கம் வர்றது தெரியலீங்க. வண்டி எங்கீங்க போயிரப் போகுது. ஒருக்கா நல்ல ஆஸ்பத்திரியில கண்ணக் காட்டிப்போட்டு வாங்க. நான் எடுத்து வெக்கிறனுங்க.”

அந்த வருடம் முழுவதும் வீட்டில் என் கணவரின் இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தது. இடப்பக்கம் வைத்த காபி டம்ளரை இரண்டு முறை தட்டிவிட்டார். புத்தி எங்கே மேய்கிறது என்று நான் திட்டியிருக்கிறேன். ஒரு முறை விருந்தாளிகள் முன்னாலேயே திட்டினேன்.

அவர் இறங்கி வந்து, பாய் என்ன சொன்னார் என்று கேட்டார். அவர் முகம் வியர்த்து, சின்னப் பையனுடைய முகம்போல் இருந்தது.

“பிரேம் பெருசாமுங்க. இந்தச் சின்னதே எடுத்துக்கச் சொல்றாரு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதத்தான் வேண்டும். என் மாமனார் கடைசி எட்டு வருடம் பார்வையில்லாமல் இருந்தார். வயசானால் அப்படித்தான் என்று அந்தக் காலத்தில் விட்டுவிட்டார்கள். தாராபுரத்து வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, சோறு பிசைந்து கொடுத்ததெல்லாம் என் கணவர்தான். மாமனார் போன பிறகு எங்கள் வீட்டில் கண் என்கிற பேச்சையே அவர் எடுத்ததில்லை, யாரையும் எடுக்கவும் விடமாட்டார். கண்ணாடிக் கடையில் வருஷா வருஷம் பவர் மட்டும் பார்த்துக்கொள்வார். கடைசி வரிசை எழுத்து வரைக்கும் படித்துவிடுவார். அவர் எடுத்த படங்களில் தேன்சிட்டின் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். இவ்வளவு நன்றாகப் பார்க்கிறவருக்குக் கண்ணில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்தை மூடிவைக்க எனக்கு அந்த ஒரு சாக்கு போதுமாக இருந்தது.

சத்தம் வராத சக்கரம் வரவழைக்கப் பத்து நாள் ஆனது. சைக்கிளை எடுக்கப் போனபோது, என் கணவர் காற்று அடிப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். பாய் என்னைப் பார்த்து, “காட்டிட்டீங்களா தங்கச்சி?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் நம்பினார். அல்லாவின் கருணை என்று சொல்லிச் சைக்கிளை ஒப்படைத்தார்.

நாலு மாதம் ஓட்டினார். மழை முடிந்து, மேற்கே மலைகள் கழுவிவிட்டதுபோல் இருந்த மாதங்கள் அவை. காட்டுக்குள் போக அனுமதி கிடையாது, யானை நடமாட்டமும் உண்டு. அதனால் பாக்குத் தோப்புகளின் ஓரமாக, வாய்க்கால் மேட்டில், வாழைக்கு நடுவே போகிற மண்தடங்களில்தான் அவர் சுற்று. சில நாள் நானும் ஸ்கூட்டரில் பின்னால் போவேன். பனங்காடை ஒன்று கம்பியில் இருந்தபடியே அவரை நெருங்கவிட்டது. அவர் பாதத்தைத் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பாய் தப்பாக நினைத்துவிட்டார் என்று அன்றைக்கு நிம்மதியாக இருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. வாய்க்கால் மேட்டில் அவர் முன்னே போனார். நான் கீழே தார்ரோட்டில் அவருக்கு இணையாக மெதுவாக வந்துகொண்டிருந்தேன். எதிரே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா தலையில் புல்லுக்கட்டோடு வந்தார். சைக்கிளைப் பார்த்ததும் ஒதுங்கி, மேட்டின் விளிம்பில் அசையாமல் நின்றுகொண்டார். அவர் நின்றது என் கணவருக்கு இடப்பக்கம். பட்டப்பகல், தடம் நேர்த்தடம். சைக்கிள் நேராகப் போய் அந்த அம்மாவின்மேல் மோதியது. நான் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் இரண்டு பேரும் கீழே விழுந்துவிட்டார்கள்.

ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஏறி ஓடினேன். என் கணவருக்கு முழங்கையில் சிராய்ப்புதான். அந்த அம்மாவின் மணிக்கட்டு ஒடிந்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவர் வலியைவிட ஆச்சரியத்தோடு என் கணவரைப் பார்த்தார்.

“நானு நின்னுட்டுத்தான இருந்தேன். உனக்குத் தெரியலியா கண்ணு?”

என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். சிதறிக்கிடந்த புல்லைப் பார்த்தார், பிறகு தலையைத் திருப்பித் திருப்பித் தனக்கு இடப்பக்கம் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாவுக்குக் கட்டுப்போட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அடுத்த நாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகலாம் என்று அவரேதான் சொன்னார். ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவியில் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அதன் முடிவு காகிதத்தில் படமாக வந்தது. இடது கண்ணின் படத்தில் நடுவில் ஒரு சின்ன வெள்ளை இடம், சுற்றிலும் கறுப்பு. வலது கண்ணில் பாதிக்குமேல் கறுப்பு. டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். இது கண் அழுத்த நோய், வலி இருக்காது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும், நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற மருந்து உண்டு, ஒரு அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும். அப்பாவுக்கும் இப்படிப் பார்வை போனதா என்று கேட்டார். என் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“இடிச்சுக்கிறது, தடுமாறுறது, இதெல்லாம் கூட இருக்கறவங்க யாரும் கவனிக்கலையா?” என்று டாக்டர் கேட்டார்.

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “இல்லீங்க, யாருக்கும் தெரியாதுங்க” என்று என் கணவர் சொன்னார்.

ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து. விடுவது நான்தான். நாற்காலியில் தலையைச் சாய்த்து, என் விரலை நம்பிக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வார். பத்துப் பதினைந்து நாளுக்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மத்தியானம் மருந்தை விட்டு முடித்தபின், பாய் சொன்னதையும், நான் மறைத்ததையும், தலையை ஆட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண்ணை மூடியபடியே கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், மருந்துக்குத் தலையைச் சாய்த்தார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் அவராகவே பேசினார்.

“அன்னைக்கே நீ சொல்லியிருந்தாலும் நான் உம்மேலதான் எரிஞ்சு விழுந்திருப்பேன். ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பனான்னே தெரியாது. ஆனாலும் நீ சொல்லியிருக்கோணும் அம்மணி.”

அதற்குமேல் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நாலு மாதத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்து வேறு யாருக்காவது விற்கச் சொல்லலாம் என்று கடைக்குப் போனோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதையும், நான் அவர் முழங்கையைப் பிடித்திருப்பதையும் பாய் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார். அவர் கண்கள் என் பக்கம் திரும்புவதற்குள் என் கணவர் பேசிவிட்டார்.

“நீங்க சொன்னதா ஊட்டுல அன்னைக்கே சொன்னாங்க பாய். நாந்தானுங்க கேக்கல. காட்டியாச்சுன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னதும் நாந்தானுங்க.”

பாய் அவர் தோளில் கை வைத்தார். டீ வரவழைத்தார். சைக்கிளைத் துடைத்து உள்ளே நிறுத்தினார். மருந்தை விடாமல் போடுங்கள், துவா செய்கிறேன் என்றார். நான் டீயைக் குடிக்கவில்லை.

புல்லுக்கட்டு அம்மாவின் கை கூடிவிட்டது, ஆனால் முழுதாகத் திருப்ப வராது. பால் கறக்கக் கஷ்டப்படுகிறார். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அவர் என் கணவரின் கன்னத்தைத் தடவி, உனக்கு எப்படி இருக்குது என்றுதான் முதலில் கேட்பார்.

கம்பெனியில் அவரைப் பரிசோதனைப் பிரிவிலிருந்து ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். கேமரா அலமாரியில் இருக்கிறது. எப்போதாவது பஸ்ஸில் குளத்துப் பக்கம் கூட்டிப்போனால் எடுப்பார். பறவை இருக்கும் இடத்தை நான் சொல்லவேண்டும், சொல்வதற்குள் அது போய்விடும். அதனால் கூட்டிப்போகச் சொல்லி இப்போது அவர் அவ்வளவாகக் கேட்பதில்லை.

போன தீபாவளி லீவுக்கு மகள் வந்திருந்தாள். பரம்பரையாக வரும் நோய், பிள்ளைக்கும் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கூட்டிப்போனோம். அவள் உள்ளே இருந்த அரைமணி நேரமும் என் கணவர் பெஞ்சில் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னபோது, இத்தனை நாள் அழாத மனிதர் அந்த வராந்தாவில் எல்லோரும் பார்க்க அழுதார். அவள் பயந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டாள். பஸ் ஏறி வடவள்ளி வரும்வரை அவள் கையை அவர் விடவில்லை. நான் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.