ஈஜோக் மூங்கில் புதரில் ஒரு பெரிய எலி

1986 ஆகஸ்ட் பள்ளி விடுமுறை. சனிக்கிழமை காலை கோலா குபு பாருவில் பஸ் ஏறி, ரவாங்கில் மாறி, பத்தாங் பெர்ஜுந்தை வழியாக ஈஜோக்கில் இறங்கியபோது பத்தரை மணி. அங்கே தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸரின் மனைவி சரோஜா என் பள்ளித்தோழி. முந்தின நாள் மாலை தொலைபேசியில் அவள்தான் அழைத்தாள்.

"மண்டோர் ஒரு எலி புடிச்சிருக்காரு. பன்னிக்குட்டி மாதிரி இருக்கு. வந்து பாரேன்லா!"

நான் அறிவியல் ஆசிரியை. தென்னமெரிக்காவில் வாழ்ந்த ராட்சத எலிக் குடும்பத்தைப் பற்றி வகுப்பில் விரும்பிச் சொல்வேன். எருமை அளவுக்கு வளர்ந்தவைகூட அதில் உண்டு. எல்லாம் அழிந்து, இன்று பக்கரானா என்ற ஒரே இனம் மிஞ்சியிருக்கிறது. அதன் உறவு மலேசியாவின் ஈஜோக்கில் இருக்க வழியில்லை என்று தெரியும். ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கடைசி வீடு, கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் முனியாண்டியுடையது. கோழிக்கூண்டுக்குள் பூனையைவிடப் பெரிய, சாம்பல் நிற விலங்கு ஒன்று ஒடுங்கியிருந்தது. சின்னக் கண்கள், ஆரஞ்சு நிறப் பற்கள், முடியில்லாத குட்டை வால். மலாய்க்காரர்கள் தேகான் என்று சொல்லும் மூங்கில் எலி.

"நேத்து மூங்கில் ஓரமா கால்வா வெட்டினோம் டீச்சர், வெளிய வந்திருச்சு" என்றார் மண்டோர். "நாளைக்கு மருமகன் கோலா சிலாங்கூர்லேருந்து வர்றாரு. இதான் கறி."

சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அதைத் தூக்கிக் காட்டினார். வயிற்று முடி நனைந்திருந்தது. காம்புகள் வீங்கியிருந்தன.

"இது பால் குடுக்குது அண்ணே. குட்டிங்க குழியிலதான் இருக்கும்" என்றேன்.

அவர் மனைவி லெட்சுமி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "அப்ப ராத்திரி பூரா அதுங்க பட்டினியா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் லெட்சுமி. மருமகன் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். பால் குடுக்கிறத நான் சட்டியில போட மாட்டேன்."

மண்டோர் என் பக்கம் திரும்பினார். "இது அபூர்வமான சாதியா டீச்சர்?"

ஆமாம் என்றால் உடனே விட்டுவிடுவார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லண்ணே. நம்ம காட்டுல இன்னும் இருக்கு."

 மண்டோர் எலியைச் சாக்கில் போட்டுக் கட்டி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூங்கில் புதரை நோக்கி நடந்தார். நானும் சரோஜாவும் பின்னால் போனோம்.

கால்வாய் மண் சரிந்து குழியின் வாயை மூடியிருந்தது. மண்டோர் பார்த்துப் பார்த்து மண்ணை விலக்கினார். சாக்கை அவிழ்த்ததும் எலி எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நுழைந்தது. அவர் குந்தி உட்கார்ந்து காதைச் சாய்த்தார். மெல்லிய கீச்சொலி எனக்கும் கேட்டது.

"உசிரோடதான் இருக்குதுங்க" என்றார். முகம் மலர்ந்திருந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "அடுத்த வாரம் இந்த மூங்கிலை வெட்டச் சொல்லி உத்தரவு. குட்டிங்க நடக்கிற வரைக்கும் ஏதாச்சும் சொல்லித் தள்ளிப் போடுறேன். அதுக்கு மேல என் கையில இல்லலா" என்றார்.

சரோஜா வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பினேன். நடக்கத் தொடங்கிய குட்டிகள் அடுத்து எங்கே போகும்? ஜன்னலோரம் உட்கார்ந்து இன்னொரு மூங்கில் புதரைத் தேடிக்கொண்டே வந்தேன். பத்தாங் பெர்ஜுந்தை வரை இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக நட்ட செம்பனை மட்டுமே இருந்தது.