மலையில் மழை இல்லை

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். மூலிகையில் ஊறி வருகிற தண்ணீர், எந்தப் புண்ணும் ஆறிவிடும் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். நானும் அதை நம்பினேன்.

என் மகனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே சீழ்க்கட்டி வரும். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தினேன். போன வருசம் ஈரலில் கட்டி வந்தது. தென்காசியிலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா சொன்னார்கள்: "வெள்ளை அணு கிருமியைப் பிடிச்சு விழுங்கிடுது. ஆனா அதைக் கொல்ற நொதி உங்க பையனுக்குப் பிறவியிலேயே வேலை செய்யல. கிருமி உள்ளேயே உயிரோட இருக்கு."

பிறகு என் மனைவியிடம், "உங்க கூடப்பிறந்த ஆம்பளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

"ரெண்டு தம்பி இருந்தானுவ. இப்படிக் கட்டி வந்துதான் சின்னதுலயே செத்துப்போனானுவ."

"இது அம்மா வழியா ஆண் பிள்ளைக்கு வர்ற நோய். உங்க தப்பு இல்லம்மா."

அவள் அழவில்லை. மகனின் கழுத்தில் பழைய கட்டி விட்ட தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தினமும் மாத்திரை போட வேண்டும். சேறு, மக்கிய இலைப் பக்கம் போகக் கூடாது, அதில் இருக்கிற கிருமி இவனுக்கு ஆகாது என்றார்கள்.

"அருவி?" என்றேன்.

"கூடவே கூடாது."

இப்போது சாரல் காலம். ஊரார் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்து அருவிக்கு அனுப்புகிறேன். புண் ஆறுமா என்று யாராவது கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன்.

"எப்பா, அருவியில தண்ணி விழுதா?" என்று மகன் கேட்கிறான்.

"இல்லலே. மலையில மழை இல்ல."

"பொறவு நீங்க எதுக்குப் போறிய?"

அருவிச் சாரலில் நனைந்த தலையை நன்றாகத் துவட்டிய பிறகுதான் வீட்டுக்குள் நுழைகிறேன்.