பூதம் இறங்கிய இடத்தில் ஓர் ஓவியம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், பெயின்ட் வாசனை இன்னும் போகாத ஒரு புது வீட்டுக்குள் நானும் என் தோழி ஹமீதாவும் ஒரு படத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

வெளிப்படையாகத் தேட முடியுமா? விருந்துக்குப் போன வீட்டில், ‘நாங்கள் கொடுத்த பரிசை எங்கே வைத்தீர்கள்’ என்று கேட்பது நாகரிகமில்லையே. அதனால் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது மாதிரி ஒரு பாவனை.

ஹாலில் கடிகாரங்கள் இருந்தன. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கடிகாரம் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. ஒரு சுவரில் குலதெய்வம், எதிர்ச் சுவரில் அருவி கொட்டும் ஏதோ வெளிநாட்டு மலை. சாமி அறை, படுக்கை அறை, சமையலறை... எங்கேயும் நம் படம் இல்லை. மாடிப்படிக்கு அடியில்கூட எட்டிப் பார்த்துவிட்டேன்.

ஒவ்வோர் அறையாகத் தாண்டத் தாண்ட ஹமீதாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய முதல் கண்காட்சி நடக்குமா நடக்காதா என்பதையே அந்தப் படத்தின்மேல் பந்தயமாகக் கட்டியிருந்தாள்.

ஹமீதா என் கல்லூரித் தோழி. சேலம் டவுனில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். இப்போது சூரமங்கலத்தில் எங்கள் தெருவிலேயே வீடு. பிள்ளைகள் படிப்பு, வேலை என்று வெளியூர் போனதும், மாடி அறையில் கேன்வாஸும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிட்டாள். என்ன வரைந்தாள்? பூ வரையவில்லை. மலை வரையவில்லை. மான், மயில், குடம் தூக்கும் பெண் - எதுவும் இல்லை. நிறம், வட்டம், பட்டை, கோடு. அவ்வளவுதான். அப்ஸ்ட்ராக்ட்.

அவள் கணவர் தங்கமான மனுஷர். பெயின்ட் தீர்ந்தால் அவரே போய் வாங்கி வருவார். ஆனால் படம் முடிந்ததும் முன்னால் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்... “இது என்ன?”

வீட்டுக்கு வருகிற உறவினர்களுக்கும் அதே கேள்விதான். ஒருவர் மேப்பா என்பார். ஒருவர் தண்ணி பட்டு அழிஞ்சிருச்சா என்று பரிதாபப்படுவார். பேசாமல் ரோஜாப்பூ வரையலாமே என்று ஆலோசனை சொல்லிவிட்டு டீ குடித்துப் போவார் இன்னொருவர். ஹமீதா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நீங்களே சொல்லுங்கள். இந்தக் கேள்வி கேட்கிற மனுஷர் கட்டியிருக்கிற லுங்கியில் நாலைந்து நிறத்தில் கட்டம் போட்டிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரரிடம் விசாரித்தா வாங்கினார்? பிடித்தது, எடுத்தார். நாம் மட்டும் என்னவாம்? சேலைக் கடையில் அரை நாள் உட்கார்ந்து பார்டரைத் தோளில் போட்டுப் போட்டுப் பார்க்கிறோமே, அந்த பார்டரில் ஏதாவது கதை எழுதியிருக்கிறதா? கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் தாலி கட்டும் நேரத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டா கலங்குகிறது?

இந்த அப்ஸ்ட்ராக்ட் ஐரோப்பாவில் பிறந்தது, அதுவும் நூறு வருஷத்துக்குச் சற்று முன்னால் என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. கேமரா வந்து ஆளை அச்சு அசலாகப் பிடிக்க ஆரம்பித்ததும், ஓவியருக்கு அந்த வேலையில் சலிப்பு தட்டிவிட்டதாம். பாட்டுக்கு உருவம் தேவையில்லை என்றால் படத்துக்கு மட்டும் எதற்கு என்று சிலர் யோசித்தார்கள். உருவத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். முதலில் ஊர் சிரித்தது. பிறகு அதே ஊர் மியூசியம் கட்டி அந்தப் படங்களை மாட்டியது.

இதை ஒருநாள் ஹமீதாவிடம் பெரிய மேதாவி மாதிரி எடுத்துச் சொன்னேன். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“அவங்களுக்கு அது புதுசா இருந்திருக்கும். எங்க வீட்டு சுவத்துல உருவப் படமே மாட்ட மாட்டாங்க. தரையில பூ ஓடு, பள்ளிவாசல் ஜன்னல்ல இருக்குற வேலைப்பாடு, அத்தா கடையில அடுக்கி வெச்ச துணி... சின்னதுல இருந்து நான் பார்த்துட்டே இருந்தது இதைத்தான்டி.”

எனக்குச் சட்டென்று விளங்கியது. ஐரோப்பாவில் ஒரு கூட்டம் மண்டையை உடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடத்தில், இவள் பிறந்து தவழ்ந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் நான் விடவில்லை. கண்காட்சி வை, கண்காட்சி வை என்று நச்சரித்து, சேலத்தில் ஒரு சின்ன ஹாலையும் பிடித்துவிட்டேன். தேதி நெருங்க நெருங்க ஹமீதாவுக்கு உதறல் எடுத்தது. வருகிற அத்தனை பேரும் ‘இது என்ன’ என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தலையாட்டுவது? சிரித்துவிட்டுப் போய்விட்டால்? அவளுக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் தங்கராசு அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. அண்ணன் என் பெரியப்பா மகன். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். கோழி, தீவனம், முட்டை வண்டி - இந்த மூன்றைத் தவிர அவர் வேறு எதையாவது உற்றுப் பார்த்து நான் பார்த்ததில்லை. கடிகாரத்துக்குப் பதிலாக ஹமீதாவின் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கேட்டேன். கொடுத்தாள். அடர் நீலத்தில் ஒரு பெரிய ஆரஞ்சு வட்டம், ஓரம் கொஞ்சம் சிதைந்தது. குறுக்கே கறுப்புப் பட்டைகள். அவள் வீட்டை விட்டு வெளியே போகிற முதல் படம் அதுதான்.

கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது.

“உங்க அண்ணன் இதை மாட்டியிருந்தா எக்சிபிஷன் வைக்கிறேன். பீரோவுக்குப் பின்னாடி சொருகியிருந்தா ஹாலை கேன்சல் பண்ணிடு. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

பாருங்கள், ஒரு ஓவியரின் எதிர்காலம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் அடிக்கப்போகும் ஆணியில் தொங்குகிறது. நானும் ஒரு தைரியத்தில் சரி என்றுவிட்டேன்.

விசேஷத்துக்கு ஹமீதா வரவில்லை. நான்தான் காகிதம் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். சில நாள் கழித்து அண்ணனே போன் செய்து, படம் கொடுத்த சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வரச் சொன்னார். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம்.

ஹமீதா வருகிறாள், ஹலால் கறி பக்கத்தில் கிடைக்காது என்று கறி எடுக்காமல், முட்டைக் குழம்பும் கத்தரிக்காய் வறுவலும் செய்திருந்தார் அண்ணி. ருசியாகத்தான் இருந்தது. ஹமீதாவுக்குத்தான் இறங்கவில்லை. கை கழுவியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. நாகரிகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, படம் எங்கே அண்ணா என்று கேட்டேவிட்டேன்.

அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தார். “ஏன் அம்முணி, உள்ள வாரப்பவே நீங்க பாக்கலையா?” என்றவர், எங்களைத் தெருவுக்கு அழைத்துப் போய் மேலே கை காட்டினார்.

நிமிர்ந்து பார்த்தேன். எனக்குத் தலை சுற்றியது.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டினால் முகப்பில் ஒரு பூத முகம் மாட்டுவார்கள். முறுக்கு மீசை, பிதுங்கிய கண், தொங்குகிற நாக்கு. தெருவில் போகிறவர்களின் பொறாமைக் கண் வீட்டின்மேல் விழாமல் அதன்மேல் விழட்டும் என்று ஓர் ஏற்பாடு. அண்ணன் வீட்டு மொட்டை மாடிச் சுவரில் அந்தப் பூதத்தை இறக்கிவிட்டு, அது இருந்த இடத்தில் ஹமீதாவின் ஓவியத்தை ஏற்றியிருந்தார்கள். மழை படாமல் இருக்க மேலே தகரக் கூரை. கீழே கயிற்றில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் ஆடிக்கொண்டிருந்தது.

சேலம் டவுனில் தேடிப்பிடித்து ஹமீதாவும் நானும் வாங்கிய புது மாடல் திருஷ்டிப் படம் என்று நினைத்திருக்கிறார் மனுஷர்.

அண்ணனைப் பிடித்து ஒரு பாட்டம் சத்தம் போடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பெருமையோடு ஹமீதாவிடம் விளக்க ஆரம்பித்துவிட்டார்.

“பூதத்த இப்ப ஆருமே பாக்கறதில்லீங்க. ஊட்டுக்கு ஊடு தொங்குது, கண்ணு பழகிப்போச்சு. இதப் பாக்காம ஒருத்தரும் தாண்ட மாட்டேங்கறாங்க.”

ஹமீதா தெருவைக் கடந்து, எதிரே வேப்ப மரத்தடியில் இருந்த சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி என் வாயை அடைத்தாள்.

வேகத்தடையில் ஒரு டவுன் பஸ் வேகம் குறைந்தது. ஜன்னலோரத் தலைகள் அத்தனையும் மேலே திரும்பின. கீரைக் கூடையோடு இருந்த ஒரு அம்மா, பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார். மொபெட்டில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, வண்டியை அணைத்துவிட்டே பார்த்தார். நன்றாகப் பார்த்து முடித்துத்தான் கிளம்பினார். அப்புறம் ஒரு பால் வண்டி, அப்புறம் தலையில் துண்டு கட்டிய இரண்டு பெண்கள்.

நான் ஹமீதாவைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தராவது ‘இது என்ன’ன்னு கேட்டாங்களா பாரு. நின்னு பாக்குறாங்க, போறாங்க. நான் வரைஞ்சதே இதுக்குத்தான்டி.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அண்ணன் தப்பான இடத்தில்தான் மாட்டியிருந்தார். ஆனால் சரியான வேலையைக் கொடுத்திருந்தார். ஓவியத்தின் முதல் வேலை என்ன? போகிற கண்ணை நிறுத்துவது. அர்த்தம், தத்துவம், வரலாறு எல்லாம் அதற்கப்புறம்தான். கண்ணே நிற்கவில்லை என்றால் அர்த்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அது ஹமீதாவே வரைந்த ஓவியம் என்று நான் சொன்னதும் அண்ணன் கூனிக் குறுகிப் போனார். இப்போதே இறக்கிவிடுகிறேன் என்று ஏணியைத் தூக்கப் போனார். ஹமீதா விடவில்லை. “அங்கேயே இருக்கட்டுங்க. நல்ல இடம்” என்றாள். அப்படியே என் பக்கம் திரும்பி, ஹால் வாடகையை மிச்சம் பிடிக்க நினைக்காதே என்றாள். அந்த நிமிஷம் எனக்கு அந்தத் தெருவிலேயே ஒரு குத்தாட்டம் போடலாம் போலிருந்தது.

கண்காட்சி நடந்தது. நடந்தது என்றா சொன்னேன்? அமோகமாக நடந்தது. ஹமீதாவின் கணவர் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்று வரவேற்றார். ‘இது என்ன’ என்று கேட்டவர்களிடம், “மொதல்ல பாருங்க, அப்புறம் பேசலாம்” என்று அவரே பதில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். தங்கராசு அண்ணன் வேன் வைத்து ஊர் ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார். மாடியில் இருக்கிற படத்தை வரைந்த அம்மாவின் மற்ற படங்கள் என்றதும் போட்டி போட்டுக்கொண்டு ஏறினார்களாம். பச்சைதான் நல்லா இருக்கு என்று ஒரு கோஷ்டி, மஞ்சளை விட்டால் எதுவும் இல்லை என்று ஒரு கோஷ்டி. சேலை எடுக்கிற அதே சுவாதீனத்தோடு ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று வாதாடினார்கள். ஹமீதா அன்றைக்கு யாருக்கும் தலையாட்டவில்லை. தலை நிமிர்ந்து நின்றாள்.

எல்லாரும் டீக்கும் பஜ்ஜிக்கும் வெளியே போன பிறகும் அண்ணனைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தேன். முழுக்கச் சிவப்பாக இருந்த ஒரு பெரிய படத்தின் முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனியாக நின்றிருந்தார். அதை எனக்குக் கொடுப்பார்களா, கேட்டுச் சொல்லேன் என்றார் மெதுவாக.

எனக்குப் பகீரென்றது. “இதையும் மொட்டை மாடியிலயாண்ணா?”

படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டி மறுத்தார்.

“ஊருக் கண்ணுக்கு ஒண்ணு குடுத்தாச்சு அம்முணி. இது என்ற கண்ணுக்கு.”

சிவப்புப் படம் இப்போது அண்ணனின் படுக்கை அறையில், கட்டிலுக்கு எதிரே. பூதத்துக்குத்தான் பாவம்... கோழிப்பண்ணை ஷெட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.