சோபாவில் வைத்த பேட்டரி

சங்கரன்கோவிலில் கொசுவலை அடிக்கவோ திரைச்சீலைக் கம்பி மாட்டவோ வேண்டுமென்றால், பெண்கள் ஹெப்சியைத்தான் கூப்பிடுவார்கள். ஆண்கள் வெளியே போன பகல் நேரத்தில், படுக்கையறைவரை தயக்கமில்லாமல் விடக்கூடிய ஆள் அவள்.

தொழில் முதலில் அவள் கணவன் சாம்சுந்தருடையது. முதுகில் டிஸ்க் விலகி, இனி ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்த ஹெப்சி, அவனுடைய கார்ட்லெஸ் டிரில்லைக் கையில் எடுத்தாள். ஆரம்பத்தில் ஓட்டைகள் கோணலாகப் போயின. போகப்போகக் கை படிந்தது. சுவிட்ச் போர்டுக்கு நேர்மேலே துளை போட மாட்டாள், உள்ளே வயர் போகும். துளைபோடும் பிட்டை மாற்றுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுவாள். துப்பட்டாவை இழுத்து முதுகுக்குப் பின்னால் முடிந்துகொள்வாள். கவனமான பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தாள்.

டிரில்லின் பேட்டரி விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கவனம் தப்பியது. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வீட்டில் வேலை செய்தபோது அது ஏணி உச்சியிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. ஆனாலும் டிரில் ஓடியது. வெடிப்பின்மேல் டேப் சுற்றிக்கொண்டாள்.

"விழுந்த பேட்டரிய நம்பக்கூடாது ஹெப்சி. உள்ள என்ன ஆச்சின்னு நமக்குத் தெரியாதுல்லா," என்றான் சாம்சுந்தர்.

"ஓடத்தான செய்யுது. கையில இருக்க வேலைய முடிச்சிட்டு மாத்திக்கிடுதேன்."

கையில் இருந்த வேலை, ஷம்சாத் பேகம் வீட்டு மாடியறை. பேகத்தின் மகள் ஆபிதா பானுவுக்கு முதல் பிரசவம். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வருகிறாள். தொட்டில் வந்துவிட்டது. வெள்ளைத் துணிகளைத் துவைத்து மடித்து அடுக்கியிருந்தார்கள். ஜன்னல்களுக்குச் சட்டம் வைத்து வலை மாட்டுவதுதான் பாக்கி.

கடும் சித்திரை வெயில். ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் கிடந்து பேட்டரி கொதித்துப் போயிருந்தது. கடைசி ஜன்னலுக்கு வந்தபோது சார்ஜும் தீர்ந்தது. கழற்றித் தொட்டுப் பார்த்தாள்; விரலைச் சுட்டது. ஆறவிட்டுத்தான் சார்ஜ் போடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏட்டி ஹெப்சி, இன்னைக்கு முடிஞ்சிருமா? பச்சப்புள்ள வருதுல்லா," என்று கேட்டாள் ஷம்சாத் பேகம்.

"முடிச்சிருதேன்க்கா."

தரை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருந்தது. பிளக் பாயிண்டை ஒட்டிக் கிடந்த சோபாவின்மேல் சார்ஜரை வைத்து, சூடான பேட்டரியை அதில் செருகிவிட்டுக் கீழே டீ குடிக்க இறங்கினாள்.

டீ பாதிகூடக் குறையவில்லை. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஓடி ஏறினாள். பேட்டரி உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. டேப்பின் இடுக்கிலிருந்து புகை பீறிட்டது. பால்கனிக்கு எறிந்துவிடலாம் என்று கையில் எடுத்தவள், அலறிக்கொண்டு அதே சோபாவில் போட்டாள். உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. பட்டென்று ஒரு வெடிப்பு. நெருப்பு பஞ்சைப் பிடித்தது.

"தண்ணி கொண்டாரட்டுமா?" பேகம் படியில் நின்று கத்தினாள்.

"வேண்டாங்க்கா, மேல வராதீங்க! மெயின ஆஃப் பண்ணுங்க! வெளிய போங்க!"

புகை கண்ணையும் தொண்டையையும் அடைத்தது. தொட்டிலையாவது இழுத்துவிடலாம் என்று ஓரடி வைத்தாள். மறுபடி ஒரு வெடிப்பு. தீப்பொறி அவள் காலருகே வந்து விழுந்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு இறங்குவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

தெருவில் நின்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். பிறகு செய்ய எதுவும் இல்லை. ஜன்னல் வழியாகக் கரும்புகை வெளியேறுவதையும், காலையில் தான் மாட்டிய வலைகள் உருகிச் சொட்டுவதையும் ஊரோடு சேர்ந்து அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி வந்து அணைத்தது. தொட்டிலில் இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியது.

ஷம்சாத் பேகம் ஒரு வார்த்தை திட்டவில்லை. "உசுருக்கு ஒண்ணும் ஆவல. கையக் காட்டு," என்று தன் முந்தானையை நனைத்துச் சுற்றிவிட்டாள். திட்டியிருந்தால் ஹெப்சியால் அழவாவது முடிந்திருக்கும்.

ஆபிதா பானு குழந்தையை வாசுதேவநல்லூரில் உள்ள புருஷன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

கை ஆறியது. சுண்டுவிரல் மட்டும் முழுதாக மடங்கவில்லை. வேலைக்குக் கூப்பிட்டுப் போன்தான் வரவில்லை. வலை அடிப்பதாகச் சொல்லியிருந்தவர்கள், "பெறவு சொல்லுதோம்" என்றார்கள். யாரிடம் போய், என்னவென்று சொல்ல முடியும்? 'இனிமேல் இப்படி ஆகாது' என்றா? சாம்சுந்தர் முதுகு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தானே வேலைக்குப் போவதாகக் கிளம்பினான். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. அவனைப் பிடித்துக் கட்டிலில் கிடத்தினாள்.

பேகம் வீட்டு மாடியறைக்கு வெள்ளையடித்துவிட்டார்கள், ஆபிதா பானு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் ஹெப்சி மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனாள்.

"அக்கா, அந்த ஜன்னலுக்கெல்லாம் நானே வல அடிச்சுத் தாரேன். புது பேட்டரி. வீட்டுலயே சார்ஜ் போட்டுக் கொண்டாந்துருதேன். ஒங்க வீட்டுல பிளக்கையே தொட மாட்டேன்."

பேகம் வாசலை விட்டு நகரவில்லை. "எனக்கு ஒம்மேல கோவமில்லட்டி. அவ பயப்படுதா. ஒம்பேரச் சொன்னாலே புள்ளையத் தூக்கி மடியில வச்சிக்கிடுதா. நான் என்ன செய்யட்டும், சொல்லு?"

அப்போது மாடியில் டிரில் ஓடும் சத்தம் கேட்டது. வேறு ஆள் வந்திருக்கிறான். குழந்தை வீரிட்டது.

"அவரு சார்ஜ் எங்கன போட்டிருக்காரு?" என்று கேட்டாள் ஹெப்சி.

"அதெல்லாம் நான் பாக்கலையே."

"துணி, மெத்த மேல வேண்டாம்க்கா. வெறுந்தரையில வைக்கச் சொல்லுங்க. யாராவது பக்கத்துல இருங்க. பேட்டரி சூடா இருந்தா மொதல்ல ஆறட்டும்."

"சரி, சொல்லுதேன்," என்றாள் பேகம். குழந்தையின் அழுகை ஏறிக்கொண்டே போனது. "நீ போயிட்டு வா மக்கா," என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.

கதவு சாத்திக்கொண்டது. சொல்வாளா, அழுகையில் மறந்துவிடுவாளா என்று ஹெப்சிக்குத் தெரியவில்லை. தெருவில் நின்று மாடி ஜன்னலைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.